டாக்டரம்மாவின் வேலி நடை

அந்த டாக்டரம்மாவுக்கு ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியும். தாழ்ந்த குரலில் பேசத்தான் தெரியாது. சளியோ, மூலமோ, கர்ப்பமோ, எதுவானாலும் அவருக்கு ஒரே சத்தம்தான். மத்திகிரியில் இரண்டே அறை கொண்ட வாடகைக் கட்டடத்தில் அவருடைய கிளினிக் இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பு கூரை வரைக்கும் எட்டவில்லை. பெஞ்சில் காத்திருக்கிற எல்லோருக்கும் உள்ளே இருப்பவரின் வயிறு, நுரையீரல், இன்னபிற பற்றிய முழு விவரமும் கிடைத்துவிடும்.

ஒருமுறை வங்கி அதிகாரி ஒருவர் உள்ளே போனார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. சிறிது நேரத்தில் டாக்டரம்மாவின் குரல் வந்தது. "மூலத்துக்கு வெட்கப்பட்டா அது உள்ள போயிடுமா? தண்ணி குடிங்க. கீரை சாப்பிடுங்க." பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தோம். என் பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் தடுப்புக்கு மேலே தலையைத் தூக்கி, "கீரைன்னா எந்தக் கீரைங்க?" என்று கேட்டார். "எதுவா இருந்தாலும் சரி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதிகாரி வெளியே வரும்போது கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு போனார்.

நான் அங்கே நோயாளியாகப் போனவன் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் திருச்சிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, பக்கத்திலிருந்த மத்திகிரியிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்த மெடிக்கல் ரெப். என் கம்பெனி விற்றது பேதியை நிறுத்தும் மாத்திரை. ஜூஜுவாடியிலிருந்து குந்தாரப்பள்ளி வரைக்கும் ரோட்டோரமாக எத்தனை டாக்டர்கள் உண்டோ அத்தனை பேரும் என் பொறுப்பு. கழுத்தில் டை, கையில் தோல்பை, வாயில் மனப்பாடம் செய்த இங்கிலீஷ். டவுன் பஸ்ஸில் டை கட்டிக்கொண்டு நின்றுகொண்டே போகிறவனுக்கு என்ன மதிப்பு இருக்குமோ அந்த மதிப்பு எனக்கும் இருந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாது. பெரிய ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா என் இங்கிலீஷை இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்திவிடுவார்.

"தமிழ்ல சொல்லு. இந்த மாத்திரை என்ன பண்ணும்?"

"பேதிய நிறுத்தும், மேடம்."

"எத்தனை மாசமா போற பேதிய?"

என்னிடம் இருந்த வழவழப்பான அட்டையில் மாசக் கணக்கு எதுவும் போட்டிருக்கவில்லை. ரோஸ் நிறத்தில் குடல் படம் மட்டும் இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது குடலா? தோட்டத்துக்குத் தண்ணி விடற ஹோஸ் மாதிரி இருக்கு" என்று பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்படியும் மாதா மாதம் போனேன். அவர் ஒருவர்தான் என்னை உட்காரச் சொன்னவர்.

அவருடைய சத்தத்துக்கு அடங்காத நோய் ஒன்று அப்போது அந்தப் பக்கம் வந்திருந்தது. பெங்களூர் ரோட்டில் இரவும் பகலும் லாரி ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அது" என்பார்கள், சிலர் அதுகூடச் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்துவார்கள். அந்த நோய் வந்தவரிடம் பலகைத் தடுப்புக்குப் பின்னால் பேச முடியாது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். மெதுவாகப் பேச முயன்று பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். முடிந்திருக்காது. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: அப்படிப்பட்டவரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், அரசாங்கக் கால்நடைப் பண்ணையின் வேலி ஓரமாக நடந்தபடி பேசுவார். அங்கே எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கேட்பதற்கு மாடுகள்தான்.

நான் முதலில் பார்த்தது லாரி டிரைவர் ஒருவர் அப்படி நடந்தபோது. அவரை எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் நான் தினமும் காலையில் சாப்பிடுகிற இட்லிக் கடை அவருடைய மனைவியுடையது. கதவு அகலத் தோள் இருந்த மனிதர், சில மாதங்களில் சட்டைக்குள் காற்று மட்டும் இருப்பதுபோல ஆகிவிட்டார். "வயிறு சரியில்லண்ணா. வெளியூர்த் தண்ணி" என்று அவர் மனைவி சொல்வாள். நானும் என் பையிலிருந்து சாம்பிள் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, தருமம் செய்த முகத்தோடு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

அன்றைக்கு ஜன்னல் வழியாக அவர்கள் இருவரும் நடப்பது தெரிந்தது. டாக்டரம்மாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. பாதி வழியில் டிரைவர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மாவும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் அதே சத்தத்தில் பேசினார்.

அதற்கு அடுத்த மாதம் நான் போவதற்குள், என் மாத்திரையை அவர் எழுதுவதே இல்லை என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மேலதிகாரி என்னைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஏன் மேடம் எழுதறதில்ல?" என்று கேட்டேன். அவர் கை கழுவிவிட்டுத் தோளில் டர்க்கி டவலைப் போட்டுக்கொண்டு, "வா, நடந்துகிட்டே சொல்றேன்" என்றார். பின்வாசல் வழியாகப் போனோம். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலி ஓரத்தில் டவலை என் கையில் கொடுத்தார்.

"தொட்டுப் பாரு. நூல் நூலா நிக்குதில்ல? குடலோட உள்பக்கம் இப்படித்தான் இருக்கும். இப்படி நின்னாத்தான் சோத்தையும் தண்ணியையும் உறிஞ்சும். எய்ட்ஸ் கிருமி பூந்துட்டா இதெல்லாம் தேஞ்சு மழமழன்னு ஆயிடுது. தின்னது ஒட்டாம வழிஞ்சு போயிடுது. உன் மாத்திரை குடலைக் கொஞ்ச நேரம் கட்டிப் போடும். தேஞ்ச குடலைக் கட்டிப் போட்டா சரியாயிடுமா?"

"அந்தக் கிருமி ரத்தத்துலதான மேடம் இருக்கும்?"

"ரத்தத்துல டெஸ்ட் பண்றோம், அதனால அங்கதான் இருக்குன்னு நெனச்சுக்கறோம். உடம்போட காவல்காரங்க எங்க அதிகம்? குடலோரத்துல. தெனமும் மூணு வேளை வெளியில இருந்து சரக்கு வந்து இறங்கற இடம் அதுதானே. ஜூஜுவாடி செக்போஸ்ட் மாதிரின்னு வெச்சுக்க. இந்தக் கிருமிக்குத் தேவையே காவல்காரங்கதான். அவங்களுக்குள்ளதான் அது குடி போகும். அதனால குடலைத்தான் முதல்ல காலி பண்ணுது."

ஒரு மாடு வேலிக்கு அந்தப் பக்கம் எங்களோடு கூடவே நடந்து வந்தது. டாக்டரம்மா அதையும் சேர்த்துப் பார்த்துப் பேசினார்.

"காவலும் போயி, சுவரும் தேஞ்சுட்டா என்ன ஆகும்? குடலுக்குள்ள இருக்க வேண்டிய அழுக்கு ரத்தத்துல கசியும். கசிஞ்சதும் உடம்பு ஆபத்துன்னு சங்கு ஊதும், பாக்டரில ஊதற மாதிரி. சங்கு கேட்டுப் புதுசா காவல்காரங்க ஓடி வருவாங்க. வந்தவங்களையும் கிருமி பிடிச்சுக்கும். கசிவு நிக்காது, சங்கும் நிக்காது. கடைசில உடம்பு அந்தச் சங்கு ஊதியே ஓஞ்சு போயிடும்."

"இது புஸ்தகத்துல இருக்கா மேடம்?"

"பாதி இருக்கு. மீதி என் சந்தேகம். இங்க வர்ற வயித்தையெல்லாம் பாத்து வந்த சந்தேகம்."

பல வருடம் கழித்து, ஆராய்ச்சிக்காரர்கள் அந்தச் சந்தேகத்தின் பக்கமாகவே போயிருக்கிறார்கள் என்று ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்தேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது டவல் வரைக்கும்தான். சங்கு என்றதும் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் கூட்டம் ஏறிவிடுமே என்ற கவலை வந்துவிட்டது.

அந்த வாரத்திலிருந்து ஊரில் என் மதிப்பு திடீரென்று கூடியது. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ்; எனக்கு மட்டும் புது பிளாஸ்டிக் கப். டை கட்டியவனுக்குத் தனி மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். முடி வெட்டப் போனால், "இன்னிக்கு வேணாம் சார், கூட்டம்" என்றார் சலூன்காரர். கடையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. என்னைப் போன்றவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் போலிருக்கிறது என்று திரும்பினேன். வீட்டுக்காரர், கொல்லையில் பூட்டிக் கிடந்த பழைய கக்கூஸைத் திறந்து சுண்ணாம்பு அடித்து, "இது உங்களுக்கு மட்டும் தனியா, தம்பி" என்றார். வாடகை ஏற்றாமல் இத்தனை வசதியா என்று நெகிழ்ந்துபோய் ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

தர்மபுரியில் எனக்குப் பெண் பார்த்து ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பெண்ணின் தாய்மாமன் ஒருநாள் என் அறையைப் பார்க்க வந்தார். வரும் வழியில் டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். அறைக்குள் வந்தவர் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "பொண்ணு இன்னும் படிக்கணும்ன்றா" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். அந்தப் பெண் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்கே போய்க்கொண்டிருந்தாள். படிப்பின் மேல் அவளுக்கு இருந்த ஆர்வத்தை மனதுக்குள் பாராட்டினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

விஷயத்தை எனக்குச் சொன்னது இட்லிக் கடை அக்காதான். காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். கூட்டமும் இப்போது முன்னைப்போல இல்லை. டிரைவர் உள்ளே சாக்கின் மேல் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கா எனக்கு இலையில் இட்லி வைத்தாள்.

"அண்ணா, டாக்டரம்மா கூட வேலியோரம் நடந்தீங்களா?"

"ஆமாக்கா. ஏன்?"

"அங்க நடக்கறவங்கல்லாம் அந்த நோய்க்காரங்கன்னு ஊர்ல பேச்சு. உங்களையும் சேத்துப் பேசறாங்க." கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நீங்க ஒண்ணும் மனசுல வெக்காதீங்க. உங்களுக்கு நான் எப்பவும் போலத்தான் வெப்பன்."

பிளாஸ்டிக் கப், சலூன், கக்கூஸ், தாய்மாமன் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக எனக்கு விளங்கியது. இட்லியை முடித்துவிட்டு எழுந்தேன். அறைக்குப் போனால் வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவருக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், கண்டிப்பாகப் பேச வேண்டுமென்றால் கன்னடம். "மனெ காலி மாடி" என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளும் அளவுக்குக் கன்னடம் எனக்கும் வந்திருந்தது.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். உள்ளே நோயாளி யாரும் இல்லை, பெஞ்சும் காலி.

"எனக்கு அந்த நோய் இல்லன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க மேடம்."

"உனக்கு இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. அவர் ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை எனக்கு வயிறு போன போக்கைச் சொன்னால் என் கம்பெனிக்கே அவமானம். கையில் பை நிறைய மாத்திரை இருந்தது, ஒன்றும் நிற்கவில்லை. என் வாழ்நாளில் செய்த, செய்ய நினைத்த, செய்யத் தைரியம் வராத எல்லாத் தப்பையும் எண்ணிப் பார்த்தேன். நோய் வருகிற அளவுக்கு எதுவுமே நடந்திருக்கவில்லை. அப்படியும் பயம் போகவில்லை.

முடிவு வந்தது. "இல்ல" என்றார் டாக்டரம்மா.

"அதையே எழுதிக் குடுங்க மேடம். டீக்கடையில காட்டணும்."

"உன்கிட்ட சொல்லியாச்சு. ஊருக்கு எழுதித் தர மாட்டேன்."

"கல்யாணம் நின்னுபோச்சு. ஊட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றாரு. என்மேல ஒரு தப்பும் இல்லியே."

"தப்பு செஞ்சவங்கன்னு யாரை நெனச்சுகிட்டுச் சொல்றே?"

நான் தோல்பையின் கொக்கியைத் திறந்து மூடினேன்.

"இன்னிக்கு நீ ஒரு பேப்பரைக் கொண்டு போயிக் காட்டுவே. நாளைக்கு அந்த வேலியோரம் நடந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் பேப்பர் எங்கேன்னு கேப்பாங்க. காட்ட முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. எனக்கு இட்லிக் கடை ஞாபகம் வந்தது. டிரைவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கடையால். பேப்பர் காட்ட முடியாவிட்டால், மிச்சம் வருகிறவர்களாவது அங்கே சாப்பிடுவார்களா? நான் பெரிய தியாகி இல்லை. அந்தப் பேப்பர் கையில் கிடைத்திருந்தால் லேமினேட் செய்து கழுத்தில் டைக்குப் பதில் மாட்டிக்கொண்டு திரிந்திருப்பேன். அவர் கொடுக்கவில்லை, அதனால் நான் நல்லவனாக இருக்க நேர்ந்தது.

கிளம்பும்போது அவரைத் திரும்பிப் பார்த்தேன். பின்வாசலில் நின்று பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னுதான் அங்க கூட்டிட்டுப் போனேன்" என்றார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்கு அது பயமாக இருந்தது. கத்தியிருந்தால் தைரியமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து டாக்டரம்மா எல்லோரையும் நடக்க வைத்தார். சளி, சொறி, முழங்கால் வலி, எது என்று வந்தாலும் "வாங்க, நடந்துகிட்டே பாக்கலாம்" என்று வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் வலிக்காரர்கள் முனகினார்கள். அவர் விடவில்லை. பிரசவத் தேதி நெருங்கியவள் நடந்தாள், காதில் எறும்பு புகுந்தவர் நடந்தார், வங்கி அதிகாரி தன் மூலத்தோடு நடந்தார். கிளினிக்கில் வேலை பார்த்த நர்ஸம்மா பி.பி. பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். பண்ணை மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன.

என் வீட்டுக்காரர் இருமலுக்காகப் போனார். தெரு முழுக்கப் பார்க்க, வேலியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவரை நடத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டார் டாக்டரம்மா. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் என் கதவைத் தட்டினார். கையில் பிளாஸ்டிக் கப்.

"தம்பி, டீக்கடையில எனக்கும் இதுலதான் குடுத்தான்."

"உள்ள வந்து உக்காருங்க சார்" என்றேன்.

வந்து உட்கார்ந்தார். கப்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "ஊடு காலி பண்றதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்" என்று தமிழிலேயே சொன்னார்.

கொஞ்ச நாள் டீக்கடையில் பாதிப் பேருக்கு மேல் பிளாஸ்டிக் கப். பிறகு டீக்கடைக்காரருக்கே நெஞ்செரிச்சல் வந்து அவரும் நடந்துவிட்டார். அதன் பிறகு எல்லோருக்கும் பழையபடி கண்ணாடி கிளாஸ் வந்தது. கல்யாணம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் பாலக்கோட்டில் யாரையோ கட்டிக்கொண்டு போனாள். எனக்கும் இரண்டு வருடம் கழித்து நல்லபடியாகவே அமைந்தது. என் மனைவி இன்றைக்கும் தர்மபுரிக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பாள். எந்த அர்த்தத்தில் சொல்கிறாள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

டிரைவருக்கு அப்போது கிடைத்த வைத்தியம் கொஞ்சம்தான். கிருமியையே அடக்குகிற, தினமும் கடிகாரம் பார்த்துப் போட வேண்டிய மாத்திரை பெங்களூரில் இருக்கிறது என்றார்கள்; அதன் விலை லாரி ஓட்டுகிறவருக்கு எட்டாது. டாக்டரம்மா பேதியைக் கிளப்பும் மற்ற கிருமிகளுக்கு மருந்து கொடுத்தார். பாலை நிறுத்தி, கஞ்சியும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். உடம்பு கொஞ்சம் தேறியது. ஒரு பருவம் முழுக்க ராயக்கோட்டைத் தக்காளியை மினி லாரியில் பெங்களூருக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஒருநாள் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி வரைக்கும் கொண்டுபோய் விட்டார். வழி முழுக்க என் டையைக் கிண்டல் செய்தார். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கடை பல நாள் மூடியிருந்தது. திறந்த அன்று காலை நான் போனபோது அடுப்பில் ஆவி பறந்தது, பெஞ்சு காலி. எதிரே பஸ் நிறுத்தத்தில் நிறையப் பேர் நின்றார்கள். யாரும் கடைப் பக்கம் பார்க்கவில்லை. செத்துப்போனவரின் உடம்பு கடைசியில் இருந்த நிலையை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். என்னைப் பார்த்து நாலு பேர் வருவார்கள் என்று ஒரு நினைப்பு. ஒருவரும் வரவில்லை. முன்மாதிரியாக நடந்து யாரையாவது திருத்துகிற முகவெட்டு எனக்குக் கிடையாது.

அப்போது டாக்டரம்மா நர்ஸம்மாவோடு ரோட்டைக் கடந்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டார்.

"சட்னியில உப்பு கம்மி" என்றார். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "இட்லி நல்லாருக்கு. இன்னும் நாலு வை. மத்தியானத்துக்கும் கட்டிக் குடு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு இட்லி எடுத்தாள். டாக்டரம்மாவோடு வேலியோரம் நடந்திருந்த சில பேர் முதலில் வந்தார்கள். என் வீட்டுக்காரர் தூக்குப் போசியோடு வந்து, "சாம்பார் இதுல ஊத்துமா" என்றார். எட்டரை மணி பஸ் வரும்போது உட்கார இடமில்லை.

டாக்டரம்மா பிற்பாடு மகனோடு கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் வேறு கம்பெனி, வேறு மாவட்டம் என்று சுற்றிவிட்டு, வெகு வருடம் கழித்து ஒரு வேலையாக மத்திகிரிக்குப் போனேன். இட்லிக் கடைக்கு இப்போது சிமெண்ட் கூரை, ஸ்டீல் மேஜை. அக்கா நன்றாகச் சதை போட்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"டையக் காணமேண்ணா."

"விட்டுட்டன்க்கா. டாக்டரம்மா எப்படி இருக்காங்க?"

"போன வாரம்தான் போன்ல பேசுனாங்க. நான் போனைக் காதுல வெக்கறதில்லண்ணா. அந்த மேஜை மேல வெச்சுட்டு இங்க நின்னு வேலை பாத்துகிட்டே பேசுவன்."

சிரித்துக்கொண்டே இலையைப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். நாலைந்து பேர் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் தலை நிமிரவில்லை. எந்த மாத்திரையைப் பார்த்தாலும் பேர் என்ன, கம்பெனி எது, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டே பிழைத்தவன் நான். கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அக்கா, சட்னி கொஞ்சம்" என்றேன்.